'ஒரே ஒரு செடிதானே...' வீட்டுக்குள் டென்ட் போட்டு வளர்க்கும் 'ஆட்டோ ஃப்ளவர்' கஞ்சா: சட்டம் சொல்வது என்ன?

செல்போனில் ரீல்ஸ் தள்ளிக்கொண்டே போகும்போது இப்படி ஒரு வீடியோ கண்ணில் பட்டிருக்கலாம். பீரோ அளவுக்கு ஒரு கறுப்பு டென்ட். ஜிப்பைத் திறந்தால் உள்ளே பளீரென்று எல்.இ.டி. வெளிச்சம், ஓரத்தில் சின்ன ஃபேன், நடுவில் துணித் தொட்டி. அதில் இரண்டடி உயரத்துக்கு ஒரு செடி. "75 நாளில் அறுவடை, கெமிக்கல் கிடையாது, முழுக்க ஆர்கானிக்" என்று ஒரு குரல் ஆங்கிலத்தில் சொல்லிக்கொண்டிருக்கும்.

அந்த வீடியோ பெரும்பாலும் எடுக்கப்பட்டது கனடாவிலோ ஜெர்மனியிலோ இருக்கும். ஆனால் அதைப் பார்ப்பவர் நாகர்கோவில் கோட்டாறில் ஒரு மாடி அறையில் உட்கார்ந்திருக்கலாம். பார்த்து முடித்ததும் பக்கத்தில் இருக்கும் நண்பனிடம் அவர் சொல்லக்கூடியது ஏறக்குறைய இப்படித்தான் இருக்கும்: "லேய் மக்கா, வெளிய வாங்கினாதாம்ல கேசு. நம்ம வீட்டுல, நமக்குன்னு ஒத்தச் செடி வச்சா யாரு என்ன கேப்பா?"

இந்தியச் சட்டத்தைப் பொறுத்தவரை நிலைமை இதற்கு நேர் எதிர். கையில் கொஞ்சம் கஞ்சாவோடு பிடிபடுபவருக்கு அதிகபட்சம் ஓராண்டு சிறை. ஒரே ஒரு செடியை வளர்த்தவருக்கு அதிகபட்சம் பத்தாண்டு. இது எப்படி என்று பார்ப்பதற்கு முன், அந்த டென்ட்டுக்குள் இருப்பது என்ன செடி என்று பார்த்துவிடலாம்.

'ஆட்டோ ஃப்ளவர்' என்றால் என்ன?

நாஞ்சில் நாட்டில் நெல் விவசாயம் தெரிந்தவர்களுக்கு இது சுலபமாகப் புரியும். அந்தக் காலத்து நெல் ரகங்களில் பல, பகல் நேரம் குறைவதைப் பார்த்துத்தான் கதிர் விடும். கொஞ்சம் முந்தி நட்டாலும் பிந்தி நட்டாலும் அதற்கென்று ஒரு பருவம் வந்தால்தான் பூக்கும். ஆனால் அம்பை 16 போன்ற குறுகிய கால ரகங்கள் அப்படியில்லை. கன்னிப்பூவில் நட்டாலும் கும்பப்பூவில் நட்டாலும் நாள் கணக்குதான். ஏறக்குறைய 110, 115 நாளில் அறுவடைக்கு வந்துவிடும்.

கஞ்சாவிலும் இதே இரண்டு வகை உண்டு. வழக்கமான கஞ்சா செடி, இருட்டு நேரம் தினமும் 12 மணி நேரத்தை ஒட்டி வந்தால்தான் பூக்கத் தொடங்கும். பூதான் கஞ்சா என்பதால், வளர்ப்பவர் அந்தப் பருவத்துக்காகக் காத்திருக்க வேண்டும்.

'ஆட்டோ ஃப்ளவர்' வகைக்கு அந்தக் கட்டாயம் இல்லை. வெளிச்சம் எவ்வளவு நேரம் என்று அது பார்ப்பதில்லை; வயதைத்தான் பார்க்கிறது. முளைத்து மூன்று, நான்கு வாரத்தில் தானாகவே மொட்டு விடும். மொத்த ஆயுளே 10 முதல் 12 வாரம்தான். இந்தக் குணம் வந்தது 'கன்னாபிஸ் ருடெராலிஸ்' என்ற குட்டையான காட்டுச் செடியிலிருந்து. ரஷ்யாவில் வயலோரங்களில் களையாக வளர்ந்த அதை 1924-ல் ரஷ்ய தாவரவியலாளர் யானிஷெவ்ஸ்கி தனி இனமாக விவரித்தார். கோடை குறுகிய அந்தக் குளிர்ப் பிரதேசத்தில், பகல் சுருங்கும்வரை காத்திருந்தால் செடி பனியில் செத்துவிடும். அதனால் சீக்கிரம் பூத்து, சீக்கிரம் விதை போடப் பழகிய செடி அது. பிற்காலத்தில் ஐரோப்பிய, வட அமெரிக்க விதை வியாபாரிகள் அதைப் போதை அதிகமுள்ள ரகங்களோடு கலந்து இன்றைய ஆட்டோ ரகங்களை உருவாக்கினார்கள்.

இதில் ஒரு வேடிக்கை இருக்கிறது. நெடும் பகலும் குறுகிய கோடையும் உள்ள குளிர்நாடுகளின் பிரச்னைக்குத் தீர்வாக வந்த செடி இது. கன்னியாகுமரி மாவட்டம் பூமத்திய ரேகையிலிருந்து எட்டு டிகிரி தள்ளித்தான் இருக்கிறது. ஆண்டின் மிக நீண்ட பகலுக்கும் மிகக் குறுகிய பகலுக்கும் இங்கே வித்தியாசம் ஏறக்குறைய ஒரு மணி நேரம்தான். அந்தக் குளிர்நாட்டுத் தேவை இங்கே கிடையவே கிடையாது. ஆனாலும் விளம்பரம் மட்டும் இங்கே வரைக்கும் வந்து சேர்ந்துவிட்டது.

டென்ட்டுக்குள் நடப்பது என்ன?

டென்ட்டின் உள்பக்கம் கண்ணாடி போல மின்னும் ஷீட் இருக்கும். லைட் வெளிச்சம் வீணாகாமல் செடி மேலேயே திரும்பி விழுவதற்காக. ஆட்டோ வகைக்கு இருட்டு தேவையில்லை என்பதால் ஒரு நாளைக்கு 18 மணி நேரம் வரை லைட் எரிய விடுகிறார்கள். சூட்டையும் ஈரத்தையும் வெளியே தள்ள ஒரு எக்ஸாஸ்ட் ஃபேன்.

100 வாட் லைட் ஒன்று தினமும் 18 மணி நேரம் எரிந்தால் ஒரு நாளைக்கு 1.8 யூனிட். இரண்டு மாத பில் கணக்கில் 108 யூனிட். தமிழ்நாட்டில் வீடுகளுக்கு இரண்டு மாதத்துக்கு இலவசமாகக் கிடைக்கும் 100 யூனிட்டையும் அந்த ஒற்றை லைட்டே தின்றுவிடும். ஃபேன் கணக்கு தனி.

'ஆர்கானிக்' என்று அவர்கள் சொல்வது மண் சமாச்சாரம். மண்புழு உரம், தென்னை நார்க்கழிவு, வேப்பம் புண்ணாக்கு... மாடித்தோட்டத்தில் கத்தரியும் வெண்டையும் வைப்பவர்கள் பயன்படுத்தும் அதே பொருட்கள்தான். பாட்டிலில் வரும் ரசாயன உரம் ஊற்றாமல் மண்ணிலேயே சத்தைச் சேர்த்துவிடுவது. ஆட்டோ செடிக்கு ஆயுள் குறைவு என்பதால் வேரில் அடிபட்டால் தேறி வர நேரம் இருக்காது. இடம் மாற்றி நட முடியாது, உரம் கூடினாலும் கருகிவிடும். வீடியோக்களில் 'ஈஸி' என்று காட்டப்படும் செடி உண்மையில் அவ்வளவு ஈஸியானது அல்ல.

'ஆர்கானிக்'தானே, உடம்புக்கு ஒன்றும் செய்யாதே?

நிறைய பேர் சறுக்கும் இடம் இது. போதை தருவது டி.எச்.சி. என்ற வேதிப்பொருள். அதைச் செடியே தயாரிக்கிறது. மண்புழு உரம் போட்டாலும் யூரியா போட்டாலும் டி.எச்.சி. டி.எச்.சி.தான். 'இயற்கை முறை' என்ற சொல் பூச்சிமருந்து, ரசாயன உரம் பற்றி மட்டுமே பேசுகிறது. மூளைக்கு என்ன ஆகும் என்பது பற்றி அதற்கு ஒன்றும் தெரியாது.

பதின்வயதில் தொடங்கி அடிக்கடி பயன்படுத்துபவர்களுக்கு நினைவாற்றல், கவனம் பாதிக்கப்படுவதும், ஏற்கெனவே மரபுவழி வாய்ப்பு உள்ளவர்களுக்கு மனச்சிதைவு போன்ற நோய்கள் வரும் ஆபத்து கூடுவதும் மருத்துவ உலகம் திரும்பத் திரும்பச் சொல்லி வருபவை. டி.எச்.சி. எவ்வளவு அதிகமோ ஆபத்தும் அவ்வளவு அதிகம்.

இன்னொன்றும் உண்டு. கஞ்சா செடி மண்ணில் உள்ள காட்மியம், ஈயம் போன்ற உலோகங்களை வேகமாக உறிஞ்சிக்கொள்ளும். மாசுபட்ட மண்ணைச் சுத்தப்படுத்த இந்த இனச் செடியையே பயன்படுத்தலாமா என்று ஆய்வுகள் நடந்திருக்கின்றன. தொட்டியில் போட்ட உரம் எங்கிருந்து வந்தது, அதில் என்ன இருந்தது என்பதை வீட்டில் யாரும் சோதித்துப் பார்க்கப் போவதில்லை.

குமரி மாவட்டத்துக்கென்று ஒரு கூடுதல் சிக்கல், ஈரம். தென்மேற்குப் பருவமழையும் வடகிழக்குப் பருவமழையும் இரண்டுமே பெய்கிற மாவட்டம் இது. கடலும் பக்கத்தில். ஐப்பசி, கார்த்திகையில் அலமாரியில் மடித்து வைத்த வேட்டியே பூத்துப் போகும். மூடிய டென்ட்டுக்குள் அடர்த்தியான பூங்கொத்து இருந்தால் பூஞ்சை பிடிக்காமல் இருக்குமா? அந்தப் பூஞ்சையோடு சேர்த்துப் புகைப்பது, நோய் எதிர்ப்புச் சக்தி குறைந்தவர்களுக்கு நுரையீரல் தொற்றாக முடியலாம்.

வாங்கினால் ஓராண்டு, வளர்த்தால் பத்தாண்டு

இனி சட்டத்துக்கு வரலாம். போதைப்பொருள் மற்றும் மனமயக்கப் பொருட்கள் சட்டம் 1985-ல் வந்தது. அந்த ஆண்டு நவம்பர் 14 முதல் நடைமுறையில் இருக்கிறது. போலீஸ் செய்திகளில் 'என்.டி.பி.எஸ். வழக்கு' என்று வருவது இதுதான்.

இந்தச் சட்டத்தின் 8-வது பிரிவு, கஞ்சா செடியைப் பயிரிடுவதற்குத் தடை விதிக்கிறது. தண்டனை 20-வது பிரிவில் இருக்கிறது. அந்தப் பிரிவுக்குள்ளே இரண்டு தனித்தனிப் பெட்டிகள் இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள்.

முதல் பெட்டி 20(பி). வைத்திருப்பது, விற்பது, வாங்குவது, கொண்டுபோவது எல்லாம் இதில் வரும். இங்கே தண்டனை எடையைப் பொறுத்தது. கஞ்சாவில் ஒரு கிலோவுக்குக் குறைவு என்றால் 'சிறிய அளவு': அதிகபட்சம் ஓராண்டு கடுங்காவல், அல்லது 10,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். ஒரு கிலோ முதல் 20 கிலோ வரை என்றால் பத்தாண்டு வரை. 20 கிலோவுக்கு மேல் 'வணிக அளவு': குறைந்தது பத்தாண்டு, அதிகபட்சம் இருபதாண்டு.

இரண்டாவது பெட்டி 20(ஏ). செடி வளர்ப்பது. இங்கே எடை என்ற பேச்சே கிடையாது. சிறிய அளவும் இல்லை, பெரிய அளவும் இல்லை. 'எந்தவொரு கஞ்சா செடியையும் பயிரிட்டால்' பத்தாண்டு வரை கடுங்காவல் சிறை, ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம். கேரள எல்லை மலைக்காட்டில் ஏக்கர் கணக்கில் தோட்டம் போட்டவருக்கும், கோட்டாறு மாடி அறையில் ஒற்றைத் தொட்டி வைத்தவருக்கும் ஒரே உட்பிரிவுதான். பத்தாண்டு என்பது உச்சவரம்பு. அதற்குள் எவ்வளவு என்பதை நீதிமன்றம் முடிவு செய்யும். ஒற்றைச் செடிக்கு முழுத் தண்டனையும் விழும் என்று அர்த்தமில்லை. ஆனால் வழக்கு பதிவாவது, கைதாவது, குற்றப்பத்திரிகையில் நிற்பது எல்லாம் பத்தாண்டு வரை தண்டனை தரக்கூடிய குற்றத்துக்கு.

இந்த ஏற்றத்தாழ்வு ஆரம்பத்திலிருந்தே இருந்ததல்ல. 2001-ல் சட்டத்தைத் திருத்தியபோதுதான் சிறிய அளவு, வணிக அளவு என்று பிரித்தார்கள். சொந்தப் பயன்பாட்டுக்குக் கொஞ்சமாக வைத்திருப்பவரையும் கடத்தல்காரரையும் ஒரே தராசில் நிறுத்தக் கூடாது என்பதுதான் நோக்கம். அந்தச் சலுகை வைத்திருப்பவருக்குக் கிடைத்தது. வளர்ப்பவருக்குக் கிடைக்கவில்லை, அவருக்கான உச்ச தண்டனை அதே திருத்தத்தில் ஐந்தாண்டிலிருந்து பத்தாண்டாகக் கூடியது. வீட்டுக்குள் ஒரு செடியை டென்ட்டில் வளர்ப்பார்கள் என்று அன்றைக்கு யாரும் யோசித்திருக்க வாய்ப்பில்லை. இது நியாயமா என்ற கேள்வி நியாயமானதுதான். ஆனால் அது நாடாளுமன்றம் பதில் சொல்ல வேண்டிய கேள்வி. வழக்கில் நிற்பவருக்கு அது உதவாது.

செடியை அறுத்துக் காயவைத்துவிட்டால் என்ன? முதல் பெட்டியும் சேர்ந்து திறந்துகொள்ளும். வளர்த்ததற்கு ஒரு குற்றச்சாட்டு, வைத்திருந்ததற்கு இன்னொன்று.

'விதை லீகல்தானே? இது வேற ரகம்தானே?'

ஆன்லைனில் விதை விற்பவர்கள் வழக்கமாகச் சொல்வது இது. இதில் பாதி உண்மை இருக்கிறது. அந்தப் பாதி உண்மைதான் ஆபத்து.

சட்டத்தில் 'கஞ்சா' என்றால் செடியின் பூத்த அல்லது காய்த்த நுனிகள். பூவோடு சேராமல் தனியாக இருக்கும் விதையும் இலையும் அந்த விளக்கத்தில் வராது. வட மாநிலங்களில் இலையிலிருந்து செய்யும் பாங் விற்க முடிவது இதனால்தான். 2021-ல் இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம் ஹெம்ப் விதை, அதன் எண்ணெய், மாவு ஆகியவற்றை நிபந்தனைகளோடு உணவுப் பொருளாக அனுமதித்ததும் இந்த வழியில்தான்.

ஆனால் அந்த விதையை மண்ணில் ஊன்றிய நிமிடம் கதை மாறுகிறது. அப்போது கேள்வி 'கஞ்சா' பற்றியது அல்ல; 'கஞ்சா செடி' பற்றியது. அதற்குச் சட்டம் தனியாக ஒரு விளக்கம் வைத்திருக்கிறது: கன்னாபிஸ் பேரினத்தைச் சேர்ந்த எந்தச் செடியும். ருடெராலிஸ் ஆனாலும் சரி, சட்டைவா, இண்டிகா ஆனாலும் சரி. போதை குறைந்த சி.பி.டி. ரகம் ஆனாலும் சரி. பூ வந்திருந்தாலும் வராவிட்டாலும் சரி. டி.எச்.சி. இத்தனை சதவீதத்துக்குக் கீழே இருந்தால் விடலாம் என்ற வரம்பு அந்த விளக்கத்தில் இல்லை. "விதை முளைக்கவே இல்லையே சார்" என்பதும் உதவாது. குற்றத்துக்கு முயற்சி செய்தாலும் அந்தக் குற்றத்துக்கான தண்டனையே என்கிறது 28-வது பிரிவு.

வெளிநாட்டிலிருந்து தபாலில் வரும் விதைக்கு இன்னொரு தடை. எந்த விதையாக இருந்தாலும் இறக்குமதிக்கு அனுமதியும் தாவர நலச் சான்றிதழும் வேண்டும். 'ஸ்டெல்த் பேக்கிங்' என்று விற்பவர் பெருமையாகச் சொன்னால், அந்தச் சான்றிதழ் இல்லை என்று அவரே ஒப்புக்கொள்கிறார் என்றுதான் அர்த்தம்.

ஒரு விதிவிலக்கு மட்டும் சொல்லியாக வேண்டும். தானாக முளைத்த செடி. உத்தரப் பிரதேச வழக்கு ஒன்றில், நிலத்தில் இயற்கையாக முளைத்துக் கிடந்த செடிகளுக்காக நிலத்துக்காரரைத் தண்டிக்க முடியாது, அவர் பயிரிட்டார் என்பதைக் காட்ட வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. இமயமலை அடிவாரத்தில் கஞ்சா களையாகவே வளரும் என்பதால் அங்கே இது முக்கியமான தீர்ப்பு. டென்ட், டைமர் வைத்த லைட், ஃபேன், தொட்டி எல்லாம் வைத்துக்கொண்டு 'தானா முளைச்சது' என்று யாரும் சொல்ல முடியாது. வளர்க்கும் நோக்கம் இருந்ததற்கு அந்தச் சாமான்களே சாட்சி. அவையும் பறிமுதல் ஆகும்.

வீட்டை வாடகைக்கு விட்டவர் கதி?

இதைப் பற்றி அதிகம் பேசப்படுவதில்லை. 25-வது பிரிவு படி, வீட்டின் உரிமையாளரோ, அதைக் கையில் வைத்திருப்பவரோ, தெரிந்தே இந்தக் குற்றத்துக்கு இடம் கொடுத்தால் அவருக்கும் அதே குற்றத்துக்கான தண்டனை. 'தெரிந்தே' என்ற சொல்தான் இங்கே உயிர். மாடியை வாடகைக்கு விட்டுவிட்டு கீழே இருக்கும் பெரியவருக்கு மேலே நடப்பது தெரியாது என்றால் இந்தப் பிரிவு அவரைத் தொடாது. ஆனால் தெரியாது என்பதை போலீஸ் விசாரணையில் விளக்கிக்கொண்டிருக்க வேண்டிய அவஸ்தை அவருக்குத்தான்.

மகன் அறையில் வளர்வதைப் பார்த்துவிட்டு, "படிக்கிற பய, விட்ருவோம்" என்று கண்டும் காணாமல் இருக்கும் அப்பா அம்மா நிலைமை இன்னும் சிக்கல். அவர்களுக்குத் தெரிந்துவிட்டது. அதோடு, தன் நிலத்தில் கஞ்சா பயிரிடப்பட்டிருப்பது தெரிந்தால் நிலத்துக்காரர் உடனே போலீஸுக்கோ உரிய அதிகாரிக்கோ தகவல் சொல்ல வேண்டும் என்று 46-வது பிரிவும் கடமை விதிக்கிறது.

கன்னியாகுமரி மாவட்டத்துக் குடும்பங்களுக்கு இதில் இன்னொரு விஷயமும் இருக்கிறது. வளைகுடாவுக்கும் கப்பல் வேலைக்கும் போகிறவர்கள் அதிகம் உள்ள மாவட்டம். நீதிமன்றத்தில் குற்ற வழக்கு நிலுவையில் இருந்தால் பாஸ்போர்ட் மறுக்கப்படலாம். நீதிமன்ற அனுமதி வாங்கித்தான் நகர முடியும். தண்டனை கிடைக்கிறதோ இல்லையோ, வழக்கு முடிவதற்குள் விசா காலாவதியாகிவிடும்.

ஏற்கெனவே பிடிபட்ட டென்ட்கள்

இதெல்லாம் காகிதச் சட்டம், நடைமுறையில் யார் கண்டுபிடிக்கப் போகிறார்கள் என்று நினைத்தால், சமீபத்திய செய்திகளைத் திரும்பிப் பார்க்கலாம்.

2023 ஜூன் மாதம் கர்நாடகாவின் சிவமொக்காவில், வாடகை வீட்டுக்குள் செயற்கை ஒளியில் 'ஹைடெக்' முறையில் கஞ்சா வளர்த்ததாகத் தனியார் மருத்துவக் கல்லூரி மாணவர்களை போலீஸ் கைது செய்தது. கைதானவர்களில் தமிழ்நாட்டைச் சேர்ந்தவர்களும் உண்டு. டாக்டர் ஆக வேண்டியவர்கள். 2024 நவம்பரில் டெல்லியை ஒட்டிய கிரேட்டர் நொய்டாவில் அடுக்குமாடிக் குடியிருப்பு ஒன்றில், ஃபிளாட்டுக்குள் வரிசையாகத் தொட்டிகளில் செடி வளர்த்தவர் பிடிபட்டார். வெப் சீரிஸ் பார்த்து யோசனை வந்து, ஆன்லைனில் வெளிநாட்டு விதை வாங்கினார் என்றது போலீஸ்.

தமிழ்நாட்டில் 2021 டிசம்பரில் தொடங்கிய 'ஆபரேஷன் கஞ்சா வேட்டை'க்குப் பிறகு கெடுபிடி கூடியிருக்கிறது. கஞ்சா விற்பனையில் திரும்பத் திரும்பச் சிக்குபவர்கள் மீது குண்டர் சட்டமும் பாய்கிறது. 1982-ம் ஆண்டின் அந்தச் சட்டத்தில் 'போதைப்பொருள் குற்றவாளி' என்று தனிப் பிரிவே உண்டு. விசாரணையின்றி ஓராண்டு வரை உள்ளே வைக்கலாம். செடியில் ஆரம்பித்து, மிச்சத்தை நண்பர்களுக்கு விற்பதில் முடிபவர்கள் போய் நிற்கும் இடம் அது.

'மருந்துக்குன்னா விடுவாங்களா?'

கோட்டாறில் இந்தக் கேள்விக்குத் தனி அர்த்தம் உண்டு. தமிழ்நாட்டின் அரசு ஆயுர்வேத மருத்துவக் கல்லூரி இருப்பது இங்கேதான். ஆயுர்வேதத்தில் 'விஜயா' என்ற பெயரில் படிக்கப்படுவது இதே செடி. சித்த மருத்துவ நூல்களிலும் கஞ்சா சேரும் லேகியங்கள், சூரணங்கள் உண்டு. வர்மமும் வைத்தியமும் ஊறிய மாவட்டம் என்பதால், "நம்ம பாட்டன் மருந்துதானே இது" என்ற வாதம் இங்கே எளிதாக எடுபடும்.

மருந்து என்பது உண்மைதான். அதே மருந்துச் சட்டம் இதை எங்கே வைத்திருக்கிறது என்பதையும் பார்க்க வேண்டும். மருந்து மற்றும் அழகுசாதனப் பொருட்கள் விதிகளில் 'இ(1)' என்று ஒரு அட்டவணை உண்டு. ஆயுர்வேத, சித்த, யுனானி மருத்துவத்தில் நஞ்சுப் பொருட்களின் பட்டியல் அது. ஆயுர்வேதப் பிரிவில் 'பாங்', சித்தப் பிரிவில் 'கஞ்சா', எட்டி, ஊமத்தை, அலரியோடு ஒரே வரிசையில் நிற்கின்றன. இவை சேர்ந்த உள்மருந்தின் லேபிளில் 'மருத்துவர் மேற்பார்வையில் மட்டுமே உட்கொள்ளவும்' என்று போட்டே ஆக வேண்டும். தயாரிக்க உரிமம் வேண்டும், சுத்தி செய்யும் முறை உண்டு, அளவு உண்டு. வைத்தியர் கைக்கு வருவதற்குள் இத்தனை கதவுகளைத் தாண்டி வரும் பொருளை, மாடி அறையில் வளர்த்து 'மருந்து' என்று சொல்ல முடியாது.

மருத்துவத்துக்கும் ஆராய்ச்சிக்கும் சட்டத்தில் வழி இருக்கிறது. மாநில அரசு விதிமுறை வகுத்து உரிமம் தரலாம் என்கிறது 10-வது பிரிவு. நார், விதைக்கான தொழில்முறைச் சாகுபடிக்கு 14-வது பிரிவு. ஜம்முவில் மத்திய அரசின் சி.எஸ்.ஐ.ஆர். ஆய்வு நிறுவனம் பாதுகாக்கப்பட்ட ஒரு ஏக்கரில் வலி நிவாரண மருந்துக்காக வளர்த்து ஆராய்கிறது. உத்தராகண்ட் 2018-லேயே டி.எச்.சி. 0.3 சதவீதத்துக்குக் குறைவான ஹெம்ப் சாகுபடிக்கு உரிமம் கொடுக்கத் தொடங்கியது. ஹிமாச்சலப் பிரதேசம் 2025 ஜனவரியில் இரண்டு பல்கலைக்கழகங்கள் மூலம் சோதனை ஆய்வுக்கு ஒப்புதல் அளித்தது. இவை எதிலும் 'வீட்டில் ஒரு செடி' என்ற வகை கிடையாது. சொந்தப் பயன்பாட்டுக்கு வளர்க்க இந்தியாவில் யாரும் உரிமம் கேட்டு விண்ணப்பிக்க முடியாது. அப்படி ஒரு விண்ணப்பமே இல்லை.

வெளிநாட்டில் நிலைமை

கனடாவில் 2018 அக்டோபர் 17 முதல் ஒரு வீட்டுக்கு நான்கு செடி வரை அனுமதி. டொரன்டோ தமிழர் வீட்டுக்கும் அது பொருந்தும். ஆனால் கியூபெக் மாகாணம் வீட்டு வளர்ப்பைத் தடை செய்ததை 2023-ல் கனடா உச்ச நீதிமன்றம் ஏற்றுக்கொண்டது. ஜெர்மனியில் 2024 ஏப்ரல் 1 முதல் வயது வந்த ஒருவருக்கு மூன்று செடி. டென்ட் வீடியோக்கள் அங்கிருந்து வருவதன் காரணம் இதுதான்.

தமிழர்கள் அதிகம் வேலைக்குப் போகும் நாடுகள் வேறு மாதிரி. சிங்கப்பூரில் செடி வளர்த்தாலே 20 ஆண்டு வரை சிறை. 500 கிராமுக்கு மேல் கடத்தினால் மரண தண்டனை. 2023 ஏப்ரலில் தங்கராஜு சுப்பையா அங்கே தூக்கிலிடப்பட்டது ஒரு கிலோவை ஒட்டிய கஞ்சா கடத்தல் வழக்கில்தான்.

2020 டிசம்பரில் ஐ.நா. போதைப்பொருள் ஆணையம், மிக ஆபத்தான பொருட்களின் பட்டியலிலிருந்து கஞ்சாவை நீக்கியது. 27-க்கு 25 என்ற வாக்கு. இந்தியாவும் ஆதரித்தே வாக்களித்தது. "ஐ.நா.வே எடுத்துட்டாங்களே" என்று இதைச் சொல்லித் திரிபவர்கள் உண்டு. மருத்துவ ஆய்வுக்கான கதவைத் திறந்த முடிவு அது. மற்ற கட்டுப்பாடுகள் அப்படியே இருக்கின்றன. இந்தியச் சட்டத்தில் ஒரு வரிகூட மாறவில்லை.

வீட்டில் இப்படி ஒன்று நடப்பது தெரியவந்தால்?

2019-ல் வெளியான மத்திய அரசின் தேசிய ஆய்வு, நாட்டில் ஏறத்தாழ 3.1 கோடி பேர் முந்தைய ஓராண்டில் பாங், கஞ்சா, சரஸ் ஏதாவது ஒன்றைப் பயன்படுத்தியதாகச் சொன்னது. அதனால் 'நம்ம வீட்டுப் பிள்ளை அப்படியில்லை' என்ற நினைப்பை மட்டும் வைத்துக்கொண்டு இருக்க முடியாது.

இங்கேயும் வளர்ப்பதற்கும் பயன்படுத்துவதற்கும் உள்ள வித்தியாசம் வேலை செய்கிறது. போதைக்கு அடிமையான ஒருவர் மீது பயன்படுத்தியதற்காகவோ, சிறிய அளவு வைத்திருந்ததற்காகவோ வழக்கு வந்தால், அவர் தானாக முன்வந்து அரசு அங்கீகரித்த மையத்தில் சிகிச்சை எடுத்து முடித்தால் வழக்கிலிருந்து விலக்கு பெற 64ஏ பிரிவு வழி செய்கிறது. சட்டம் திறந்து வைத்திருக்கும் கதவு அது. செடி வளர்த்த வழக்கு அந்தக் கதவுக்கு வெளியே நிற்கிறது.

ஆகவே சிகிச்சைக்கு வழக்கு வரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. ஆசாரிபள்ளம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் மனநலப் பிரிவில் நேரடியாகப் போய்ப் பார்க்கலாம். போதை மீட்பு ஆலோசனைக்கு 14446, மனநல ஆலோசனைக்கு 14416 என்ற எண்கள் உள்ளன. விற்பனை, சாகுபடி பற்றித் தகவல் சொல்ல தமிழ்நாட்டில் 10581, தேசிய அளவில் 1933. வீட்டில் செடி இருப்பதைப் பார்த்துவிட்டு என்ன செய்வதென்று தெரியாமல் தவிக்கும் பெற்றோர், வீட்டு உரிமையாளர்கள் முதலில் ஒரு வழக்கறிஞரிடம் பேசிவிடுவது நல்லது. பணம் இல்லை என்பவர்களுக்கு 15100 என்ற எண்ணில் இலவச சட்ட உதவி கிடைக்கும்.